தலைகீழாக நட்ட எலுமிச்சைப்புல்

மழை நின்றதற்காக ஊரே வானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏன் நின்று தொலைத்தாய் என்று அதைத் திட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இப்படி ஒரு புத்தி. என்னை அடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கதை முழுவதையும் கேட்டுவிட்டு அடியுங்கள்.

என் பெயர் இன்பேங். ஆற்றோரத்து ஊரான ஹுவாய்புங்கில் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். பம்பு, மின்விசிறி, அரிசி அரைக்கும் மிஷின், எது கெட்டாலும் என் கொட்டகைக்குத்தான் வரும். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அதை நான் மறுத்ததில்லை.

எங்கள் ஊரில் மழையை நிறுத்த ஒரு வழி உண்டு. எலுமிச்சைப்புல்லை வேரும் தண்டுமாகப் பிடுங்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக மண்ணில் நட வேண்டும். நடுகிறவள் கன்னி கழியாதவளாக இருக்க வேண்டும். கல்யாணம், புதுமனை புகுதல், விகாரைத் திருநாள், எதுவானாலும் முதல் நாள் ஒருத்தியைக் கூப்பிட்டு நடச் சொல்வோம். மழை வராவிட்டால் அவளுக்கு ஊரே வாழ்த்துச் சொல்லும். வந்துவிட்டால் அவளை ஒரு மாதிரி பார்த்துச் சிரிக்கும். இந்தச் சிரிப்புக்குப் பயந்தே வயசுப் பெண்கள் எலுமிச்சைப்புல் என்றால் ஓடி ஒளிந்துகொள்வார்கள். குழம்புக்குக்கூட அம்மாவைத்தான் பறிக்கச் சொல்வார்கள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை கம்லாவுடையது. முப்பத்தொன்றாம் எண் வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள். நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டது. அப்பா போன பிறகு அவளுக்கென்று யாரும் இல்லை. ஆனால் ஊரில் ஒரு விசேஷம் என்றால் முதலில் அவள் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். அவளும் தலையைச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, ராணி மாதிரி நடந்து வந்து நடுவாள். அவள் நட்டு மழை வந்ததே இல்லை. குறைந்தபட்சம், எங்களுக்கு நினைவிருக்கிற வரையில் வந்ததே இல்லை.

போன வருடம் அவளுடைய மிஷின் மோட்டாரை ரிப்பேர் செய்யப் போனேன். அடுத்த வாரம் பெல்ட் மாற்றப் போனேன். அதற்கடுத்த வாரம் எதுவுமே கெடவில்லை, சும்மா போனேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த வீட்டில் சாப்பிட்ட பச்சைமிளகாய்த் துவையலுக்காகவும் ஒட்டரிசிச் சோற்றுக்காகவும் மட்டும் நான் போகவில்லை. அவள் ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொள்வாள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருப்பேன்.

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நான்தான் கேட்டேன்.

"அப்புறம் யாரு எலுமிச்சைப்புல்லு நடுவா?" என்றாள்.

"ஊருக்கு வேற ஆளா கெடைக்காது?"

"கெடைக்கும். எனக்குத்தான் வேற எடம் கெடைக்காது. அதுக்காகத்தான் என்னைத் தேடி வர்றாங்க. அதுவும் இல்லேன்னா நான் யாரு? தைச்சுக் குடுக்கிறவ, அவ்வளவுதான்."

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஆகவே ஊருக்குத் தெரியாமலே எங்கள் பழக்கம் நடந்தது. வீட்டுக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? படிக்கு முன்னால் போட்டால் தெருவே பார்க்கும். என் செருப்பைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. இடது செருப்பின் வார் அறுந்துபோனபோது புதுசு வாங்காமல் நட்டும் போல்ட்டும் போட்டு முறுக்கி வைத்திருந்தேன். நடந்தால் கல்லில் டக் டக்கென்று சத்தம் வரும். அதனால் படிக்கட்டுக்கு அடியில் இருந்த தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் செருப்பைச் செருகிவிட்டுத்தான் மாடி ஏறுவேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

இந்த வருடம் விகாரையில், பிக்குகளுக்குக் கூடை கூடையாகத் தானம் கொடுக்கும் கூடைதானத் திருநாள் வந்தது. வழக்கம்போலக் கம்லாவைக் கூப்பிட்டார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நட்டாள். அன்று இரவே மழை பிடித்தது. கூடைதானமெல்லாம் குடைக்கு அடியில்தான் நடந்தது. மறுநாள் விடியும்போது ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது.

அந்த விடியற்காலையில் நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். "போங்க, பின்பக்கமா போங்க, பக்கத்து வீட்டுல எழுந்துட்டாங்க" என்று அவள் என்னைத் தள்ளினாள். வெறுங்காலோடு பின்வாசல் வழியாக ஓடினேன். என் கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் படகில் ஏற்றிக்கொண்டார்கள். விகாரை இருக்கும் மேட்டில் மூன்று நாள் கிடந்தோம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மற்ற சேதத்தைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை போதாது.

மூன்றாவது நாள் விகாரைக் கிணற்றடியில் அவள் தனியாக நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"நான் நட்டேன்ல. பொய்யா நட்டேன்ல. அதான் வந்துச்சு."

"பைத்தியமா உனக்கு? எல்லைக்கு அந்தப் பக்கம் மலையில பேஞ்ச மழை இது. ஆத்தோரமா இருபது ஊரு முழுகியிருக்கு. இருபது ஊருலயும் நீயா போய் நட்ட?"

"மத்த ஊரைப் பத்தி எனக்குத் தெரியாது. இந்த ஊருக்கு நட்டது நான்தான்."

"கம்லா..."

"இனி என் படியேறாதீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருப்பாள். வெள்ளம் என் கொட்டகைச் சாமானைத் தின்றது, ஊர்க்காரர்களின் மோட்டாரையெல்லாம் தின்றது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் சாப்பிடாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

தண்ணீர் வடிந்தபோது வீடுகளுக்குள் முழங்கால் அளவு சேறு. அதை வாரி வெளியே போட்டால் மத்தியானம் மழை வந்து திரும்ப உள்ளே தள்ளும். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். காலையில் வாருவோம், மாலையில் அது கஞ்சியாகி வாசல் வழியே திரும்பி வரும். மெத்தையெல்லாம் ஊறி நாறியது. நெல் மூட்டையிலேயே முளைத்துவிட்டது. கதவுகள் ஊறி உப்பி, திறந்ததை மூட முடியவில்லை, மூடியதைத் திறக்க முடியவில்லை. என்னிடம் வந்து குவிந்த மோட்டார்களைப் பிரித்து வைத்தேன், ஆனால் காய வைக்க வெயில் இல்லை. கம்பிச் சுருளில் ஈரம் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் ஒரே நிமிடத்தில் கருகிவிடும். மோட்டார் இல்லாமல் பம்பு இல்லை, பம்பு இல்லாமல் வீடு கழுவத் தண்ணீர் இல்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேறு வாரும் வேலையைத் தலைவி கேவ்மூன் பிரித்துக் கொடுத்திருந்தாள். அறுபது வயது, எங்கள் ஊராட்சிக்கு மூன்றாவது முறையாகத் தலைவி, குரல் மட்டும் பத்து ஆள் குரல். நாற்பது பேர் ஒரு கூட்டமாக வீடு வீடாகப் போவோம். சேற்றில் கிடைக்கும் பொருளையெல்லாம் கழுவி, எந்த வீட்டில் கிடைத்ததோ அந்த வீட்டு எண் எழுதிய பாயில் வைக்க வேண்டும். சண்டை வராமல் இருக்க அவள் போட்ட விதி. பாய்களெல்லாம் விகாரைத் தகரக் கொட்டகையில் வரிசையாகக் கிடந்தன. குண்டான், கரண்டி, புத்தர் சிலை, பல்செட்டு, ஒற்றைக் கம்மல், எல்லாம் இருந்தன.

இரண்டாம் நாள் முப்பத்தொன்றாம் வீட்டில் வாரினார்கள். அன்று நான் வேறு தெருவில் இருந்தேன். சாயங்காலம் விகாரைக் கொட்டகைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தொன்று என்று எழுதிய பாயில், இரண்டு பீங்கான் தட்டுக்கும் ஒரு கத்தரிக்கோலுக்கும் நடுவில், என் செருப்பு ஜோடியாக உட்கார்ந்திருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். நட்டு பளபளவென்று மின்னியது.

எடுக்கவா முடியும்? எடுத்தால் ஊருக்கு நானே தண்டோரா போட்ட மாதிரி. விட்டால் எவனாவது பார்த்துவிடுவான். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால், யாரும் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். நிவாரணத்தில் வந்த மூட்டையிலிருந்து இடது காலுக்கு ஒரு நீலச் செருப்பும் வலது காலுக்கு ஒரு சிவப்புச் செருப்பும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சிவப்பு, பெண்கள் செருப்பு. பூ வேறு போட்டிருந்தது.

"என்ன இன்பேங்கு, புது ஃபேஷனா?" என்றான் புன்பன். என் வயதுக்காரன், பன்றி வளர்ப்பவன், என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"வெள்ளத்துல போச்சு."

"அந்த நட்டு போட்ட செருப்பா? ஐயோ பாவம். இரும்பாச்சே, முழுகித்தானே இருக்கும்? பக்கத்துல எங்கயாவது கெடக்கும், தேடு தேடு."

நான் அவனை முறைத்துவிட்டுப் போய்விட்டேன்.

இதே புன்பன்தான் நாலாம் நாளே, எலுமிச்சைப்புல் நட்டால் என்ன என்று கேட்டவன். கேவ்மூன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "இப்ப வேணாம்" என்றாள். அந்த நாட்களில் அவள் எப்போதும் விகாரை மணிக்கூண்டில் ஏறி நின்று, சிக்னல் கிடைக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். நிவாரண லாரி எங்கே வருகிறது என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஏழாம் நாள் மறுபடி கேட்டார்கள். "பொறுங்க" என்றாள். பதினோராம் நாள், புதன்கிழமை, அவளே மணிக்கூண்டிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, சோற்றுப் பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"கம்லா, நாளைக்குக் காலையில நீ நடணும்."

கம்லா கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்குக் கை வலி, அக்கா."

"ஒரு புல்லைத் தூக்குற அளவுக்குக் கூடவா வலி?"

"வேற யாரையாவது கேளுங்க."

பந்தியில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் குழம்பைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நட்டு, மறுபடி மழை வந்தால் அவள் உடைந்துபோவாள். நடமாட்டேன் என்றால், ஏன் என்று கேட்பார்கள். நான் எழுந்தேன்.

"அவங்களுக்கு முடியலன்னா விடுங்களேன். புல்லு நட்டா மழை நிக்கும்னு இந்தக் காலத்துலயும்..."

"உன்னைக் கேட்டேனா தம்பி?" என்றாள் கேவ்மூன். "ஒக்காந்து தின்னு." பிறகு கம்லா பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தணித்தாள். அவள் குரலைத் தணித்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். "நீ நடு. மழை வந்தா பழி என் தலையில. தலைவின்னு எதுக்கு இருக்கேன்? ஆனா நாளைக்குக் காலையிலதான். நாளான்னைக்கு வேணாம்."

வியாழக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை வெள்ளத்தில் போய்விட்டதால் நிவாரணத்தில் வந்த ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்லா வந்தாள். முதுகில் எட்டு என்று எண் இருந்தது. விகாரை முற்றத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, மூன்று தண்டையும் தலைகீழாகச் சேற்றில் செருகினாள். ஒன்று சாய்ந்தது, மறுபடி நிறுத்தினாள். வேண்டுதலை வாய்க்குள்ளேயே சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று வானத்துக்குத்தான் தெரியும், ஆனால் மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று எனக்கும் தெரியும்.

மத்தியானம் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து, உலர்ந்த காற்று. தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது நின்றது. மூன்று மணிக்கு என் கொட்டகை வாசலில் என் நிழல் விழுந்ததைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். நிழலைப் பார்த்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வானத்தை நான் திட்டியது அப்போதுதான். ஏனென்றால் தெருவெல்லாம், "கம்லா நட்டா நட்டதுதான்" என்று பேச்சு. இருபத்திரண்டு வருடப் பெருமையோடு இப்போது ஊரைக் காப்பாற்றிய பெருமையும் சேர்ந்துவிட்டது. இனி அவள் எப்படி என்னைக் கட்டிக்கொள்வாள்? அவளுக்குக் கிடைத்த இடம் இப்போது சிம்மாசனமாகிவிட்டது. நானும் என் செருப்பு மாதிரி அந்த முப்பத்தொன்றாம் பாயில் கிடந்தே மக்கிப்போக வேண்டியதுதான்.

ஆனால் அந்த வெயிலை எத்தனை நாள் திட்ட முடியும்? முதல் நாள் யாரும் நம்பவில்லை, மெத்தையைக் கையோடு பிடித்துக்கொண்டே வெளியே நின்றார்கள். இரண்டாம் நாள் சேறு சுவரை விட்டு விரல் அகலம் விலகியது. மூன்றாம் நாள் அதைப் பனைவெல்லம் மாதிரிக் கட்டி கட்டியாக வெட்டித் தூக்க முடிந்தது. ரொம்பக் காய விட்டால் செங்கல்லாகிவிடும் என்று கேவ்மூன் கத்திக் கத்தி வேலை வாங்கினாள். ஒரு வாரத்தில் எண்பது வீடு முடிந்தது. வேலி வேலியாக மெத்தை, தலையணை, புத்தகம், பாவாடை. புன்பன் தன் மெத்தையை நடுத்தெருவில் போட்டு, அதன் மேலேயே படுத்துத் தூங்கினான். "ரெண்டு பக்கமும் காயணும்ல" என்று நேரத்துக்கு ஒருமுறை புரண்டு வேறு படுத்தான். கதவுகள் சுருங்கிச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன. வீடுகளில் மீந்த ஒட்டரிசிச் சோற்றை வட்ட வட்டமாகத் தட்டி முறத்தில் காய வைத்தார்கள். பொரித்துத் தின்னத்தான். பொரித்துத் தின்ன வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது, பாருங்கள்.

நான் மோட்டார்களைத் தகரத்தில் பரப்பி, மணிக்கு ஒருமுறை புரட்டி விட்டேன். காலையில் குளிர், பகலில் சுள்ளென்று வெயில், ஈரம் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போனது. ஒவ்வொரு மோட்டாராக உயிர் வந்தது. தெருவில் முதல் பம்பு ஓடியபோது கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது, அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. பத்தாம் நாள் வாக்கில், சேற்றைத் திட்டிய அதே வாயால் எல்லாரும் தூசியைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஊர் பிழைத்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

கம்லாவின் தையல் மிஷினையும் அவளைக் கேட்காமலே எடுத்து வந்து பிரித்திருந்தேன். ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்து, காய வைத்து, திரும்பப் பூட்டி வைத்தேன். அதைப் பார்க்க அவளே கொட்டகைக்கு வந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள்.

"ஓடுதா?"

"ஓட்டிப் பாரு."

உள்ளே வந்து காலால் மிதித்தாள். ஊசி டகடகவென்று ஏறி இறங்கியது. அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போனது.

"எப்படி நின்னுச்சு?" என்றாள். மிஷினைப் பற்றி இல்லை, மழையைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"பொய்யா நட்டும் நின்னுடுச்சுல்ல? உன்னால நிக்கலன்னா, உன்னால வரவும் இல்ல. கணக்கு சரியாப் போச்சு. இனிமேலாவது ஒழுங்காச் சோறு தின்னு."

"அது புரியுது. ஒரு வாரமா அதத்தான் யோசிச்சேன். நெஞ்சுல இருந்த கல்லு எறங்கிடுச்சு." மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "ஆனா இப்ப வேற கல்லு. தெனமும் என் படியில யாராவது முட்டை வச்சுட்டுப் போறாங்க. தன் கோழியே வெள்ளத்துல போனவங்ககூட எங்கயோ வாங்கிக் கொண்டாந்து வைக்கிறாங்க. அதை அவிச்சுத் தின்னா தொண்டையில நிக்குது. நான் என்னவா இருக்கேன்னு நெனச்சுக் குடுக்கறாங்களோ, நான் அது இல்லையே."

"அப்ப சொல்லிடுவோம்."

"சொல்லிட்டு? இந்த ஊருல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்கறது?"

"என் மூஞ்சி ஒண்ணு இருக்கே, பாதி தர்றேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள், நீலமும் சிவப்புமாக இருந்ததை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினான்காம் நாள் வெயிலில் எலுமிச்சைப்புல்லைப் பிடுங்கும் நாள் வைத்தார்கள். மழை போதும் என்று நட்டதை, வேலை முடிந்ததும் நட்டவளே பிடுங்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டும்போதும் மழை வராது. அன்றைக்கே பாயில் மீந்திருக்கும் பொருட்களையும் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்காதது குப்பைக்குழிக்கு என்று கேவ்மூன் அறிவித்துவிட்டாள். வெயில் வந்த நாளிலிருந்தே பாய்களை முற்றத்தில் விரித்திருந்தார்கள். பெரும்பாலும் காலியாகிவிட்டன. முப்பத்தொன்றாம் பாயிலிருந்து தட்டையும் கத்தரிக்கோலையும் கம்லா எடுத்துப் போயிருந்தாள், என்னைப் போலவே அவளும் தொடப் பயந்த என் செருப்பு மட்டும் இருந்தது. இத்தனை பெரிய முற்றத்தில் அது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

கம்லா புதுச் சட்டை போட்டிருந்தாள், அந்த மிஷினில் அவளே தைத்தது. எலுமிச்சைப்புல்லுக்கு முன் மண்டியிட்டாள். கையை நீட்டினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இதப் புடுங்கறதுக்கு எனக்குத் தகுதி இல்ல. நட்டதுக்கும் தகுதி இல்ல. போன வருஷத்துலேர்ந்தே இல்ல. கூடைதானத்துக்கு நட்டப்பவும் பொய்யாத்தான் நட்டேன். நீங்க குடுத்த முட்டையெல்லாம் நான் ஏமாத்தித் தின்னது. என்னை மன்னிச்சுடுங்க."

போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் நான் போகவில்லை. அந்தக் கணத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு.

கேவ்மூன் தொண்டையைச் செருமினாள். "தெரியும்டி" என்றாள்.

கம்லா தலையைத் தூக்கினாள்.

"ரெண்டாம் நாளே தெரியும். உன் படிக்கட்டுக்கு அடியில, ஜாடிக்குப் பின்னால, நட்டு போட்ட செருப்பு. நாப்பது பேரு பார்த்தோம். புன்பன்தான் கழுவினான்."

"நட்டுக்கு எண்ணெய் வேற போட்டேன்" என்றான் புன்பன். "துருப்புடிச்சா எவன் கேக்கறது?"

கம்லா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சுமா என்னை நடச் சொன்னீங்க? மழை வந்திருந்தா?"

"எப்படி வரும்? பதினோரு நாளா மணிக்கூண்டுல ஏறி முட்டியத் தேச்சுக்கிட்டது எதுக்குன்னு நெனச்ச? வானிலைக்காரங்க தெனமும் மழை மழைன்னே போட்டாங்க. புதன்கிழமைதான், வடக்குக் காத்து வியாழன் மத்தியானம் வருது, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு மழையே இல்லன்னு போட்டாங்க. அதான் வியாழன் காலையில நடுன்னேன்." கேவ்மூன் பக்கத்தில் போய்ச் சிரமப்பட்டுக் குனிந்து, மண்ணில் உட்கார்ந்தாள். "மேட்டுல கெடந்த மூணு நாளும் நீ என் பக்கத்துலதான் படுத்திருந்த. புத்தர்கிட்ட நீ முணுமுணுத்தது எனக்குக் கேக்காதா? ஊரை முழுகடிச்சது நான்தான், நான்தான்னு. வாயில சொன்னா நீ நம்புவியா? உன் கையால நட்டு, உன் கண்ணால வெயிலப் பாக்கணும்னு நெனச்சோம். அப்பத்தான் சோறு எறங்கும்."

"அப்ப அந்த முட்டை?"

"நீ எளச்சுப்போயிட்டியேன்னு வச்சோம்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எலுமிச்சைப்புல்லுக்கு யாருடி முட்டை குடுப்பா?"

கம்லா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். தைத்த சட்டையின் கையாலேயே மூக்கைத் துடைத்தாள். பிறகு மூன்று தண்டையும் ஒரே இழுப்பில் பிடுங்கி எடுத்துக் கேவ்மூன் கையில் கொடுத்தாள். கேவ்மூன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, சமையல் பந்தலை நோக்கி, "கோழிக்குழம்புல போடுங்க" என்று நீட்டினாள்.

அப்போதுதான் கம்லா என்னைத் தேடினாள். கூட்டத்தின் கடைசியில், நீலமும் சிவப்புமாக நின்றுகொண்டிருந்தேன்.

"அங்க நின்னுக்கிட்டு என்ன பாக்கறீங்க?" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. "போய் உங்க செருப்ப எடுத்துப் போடுங்க. குப்பையில போட்டுடுவாங்க."

எண்பது வீட்டுக்காரர்கள் வழிவிட்டார்கள். முற்றத்தைக் குறுக்காக நடந்து முப்பத்தொன்றாம் பாய்க்குப் போனேன். அந்தப் பூப்போட்ட சிவப்புச் செருப்பைக் கழற்றியபோது புன்பன் ஏதோ சொன்னான், சிரிப்பில் எனக்குக் கேட்கவில்லை. இரண்டு வார வெயிலில் என் செருப்பு விறைத்து, கருவாடு மாதிரி வளைந்திருந்தது. காலை நுழைத்தேன், கடித்தது. கடிக்கட்டும் என்று போட்டுக்கொண்டு, டக் டக்கென்று சத்தம் வர, அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

அன்று சாயங்காலம் முப்பத்தொன்றாம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். படிக்கு அடியில் ஜாடி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பழக்கதோஷத்தில் அதன் பக்கம் ஒரு எட்டு வைத்தவன், நின்று, திரும்பி வந்து, தெருவில் போகிற எவர் கண்ணிலும் படுகிற மாதிரி, படிக்கு முன்னால் இரண்டு செருப்பையும் ஜோடியாகக் கழற்றிப் போட்டேன்.